உரல், திருகை, செக்கு: காப்பாற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பழைய உரல், திருகை, ஆட்டுக்கல், செக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து, அதில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து வருகிறேன். படித்த ஆராய்ச்சியாளன் இல்லை, ஆர்வம்தான். இதைக் கேள்விப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பதால், எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்தானே, அது எங்கே போய்விடப் போகிறது? எதைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?

உண்மைதான், கல் எங்கேயும் போகாது. கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் நமக்குப் பிறகும் பல தலைமுறைக்குக் கிடக்கும். போய்க்கொண்டிருப்பது அந்தக் கல்லோடு சேர்ந்த கை. எவ்வளவு ஈரம் இருந்தால் உளுந்து தோல் கழன்று வரும், உலக்கையை எந்த உயரத்திலிருந்து விட்டால் அரிசி உடையாமல் உமி மட்டும் பிரியும், செக்கில் எள் எந்த நேரத்தில் எண்ணெய் விடும் என்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் என்னிடம் கேட்டால் முதலில் ஆள், அப்புறம் சொல், அதற்குப் பிறகுதான் கல். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லைக் கொண்டுவந்து வரவேற்பறையில் வைத்து, மேலே பூந்தொட்டியும் வைத்துவிடுகிறார்கள். அதைச் சுற்றிய அத்தை அடுத்த அறையில்தான் இருக்கிறார், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இடிப்பது, அரைப்பது, ஆட்டுவது எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

நெல்லைக் குத்துகிறோம். மிளகாயை, மாவை இடிக்கிறோம். குத்திய அரிசியை வெளுப்பாக்குவது தீட்டுவது. பருப்பை உடைக்கிறோம், கேழ்வரகைத் திரிக்கிறோம், துவையலை அரைக்கிறோம், தோசை மாவையும் எண்ணெயையும் ஆட்டுகிறோம், சுக்கைத் தட்டுகிறோம், மிளகை நுணுக்குகிறோம். திருநெல்வேலிப் பக்கம் இன்றும் மில்லுக்குப் போகிறவர்கள் "மாவு திரிக்கப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். மில்லில் சுற்றுவது கரண்டில் என்றாலும் சொல் திருகையின் சொல். இடித்து முடித்த பிறகு வருகிற வேலைகளுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது: முறத்தில் புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு, சல்லடையில் சலிப்பது வேறு. உமி, தவிடு, குருணை, நொய் என்று விழுகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் போகிற இடமும் உண்டு. தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, நொய் கஞ்சிக்கு.

மிக்ஸி வந்த பிறகு இவ்வளவும் "அடிக்கிறது" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. "சட்னி அடிச்சாச்சா, மாவு அடிச்சாச்சா" என்கிறோம். மிக்ஸியைக் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. ஆனால் குத்துவதற்கும் தீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போனால் கைக்குத்தல் அரிசி என்று கடையில் விற்பது உண்மையா பொய்யா என்றுகூட நம்மால் கேட்க முடியாது.

கருவியின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். திருகை, திரிகை, திருவை, ஏந்திரம், எந்திரக்கல் எல்லாம் அதே இரண்டு வட்டக் கல்தான். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதிவையுங்கள், "சரியான தமிழ்" என்று நினைத்து மாற்றாதீர்கள்.

எங்கள் வீட்டில் பாட்டியின் திருகை கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் இரண்டு கல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆச்சி வீட்டுத் திருகையின் மேல்கல்லை, வீடு மாறும்போது, பழைய சாமான் வாங்க வந்தவரிடம் யாரோ கொடுத்துவிட்டார்கள். கீழ்க்கல் மட்டும் துணி துவைக்கிற இடத்தில் இருந்தது, நடுவில் மேல்கல் மாட்டுகிற முளை உடைந்து, அந்தக் குழியில் தண்ணீர் நின்று பாசி பிடித்து. மேல்கல் போனபோதே அதன் வேலையும் போய்விட்டது. திருகையின் இரண்டு கல்லும் ஒன்றுக்கொன்று தேய்ந்து தேய்ந்து பொருந்தியவை, இன்னொரு வீட்டு மேல்கல்லைக் கொண்டுவந்து வைத்தால் உட்காராது. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. அதனால் விற்றாலும் கொடுத்தாலும் ஜோடியாகவே போகட்டும்.

அடுத்து, கல்லைத் திருப்பி உள்முகத்தைப் பாருங்கள். பொளி, அதாவது உளி கொத்திய புள்ளிகள், தெரிகிறதா, வழுவழுப்பாகிவிட்டதா? ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால், சுற்றியவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து இழுத்தார் என்பதை அதை வைத்தே ஊகிக்கலாம். கைப்பிடி மரம் எது, பின்னால் மாற்றியதா என்றும் கேளுங்கள். அகலம், கனம், கண்ணின், அதாவது மேல்கல்லில் தானியம் போடுகிற துளையின், விட்டம் எல்லாவற்றையும் அளந்து, யார் வீட்டுச் சீதனமாக வந்தது, எந்த ஊர்க் கல் என்பதோடு சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைத் திருகையோடே வைத்தால் இன்னும் நல்லது.

கழுவுவதற்குத் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். ஆசிட் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், கீறலில் சிமெண்ட் பூச வேண்டாம். பளபளப்புக்காக வார்னிஷ் அடித்த திருகைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் இனி ஒரு பிடி பயறு போட்டுச் சுற்ற முடியாது. உலக்கை, கைப்பிடி போன்ற மரங்களைச் சுவரில் சாய்க்காமல், தரை ஈரம் படாமல், படுக்கையாக வைத்து, கரையான் வராமல் வேப்பெண்ணெய் தடவி வாருங்கள்.

கல் கொத்தணுமா? இப்போது யார் கொத்துகிறார்கள்?

கல் வேலை செய்ய வேண்டும் என்றால் கொத்தணும். அம்மி, ஆட்டுக்கல், திருகை எதுவானாலும் மழுங்கிய கல் அரைக்காது, வழுக்கும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, அந்தத் தொழிலின் உச்சக்கட்டத் திறமை உளியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதில் இருந்தது. ஆழம் அதிகமானால் மாவில் கல் வரும், குறைந்தால் ஒரே மாதத்தில் திரும்பவும் வழுவழு. இன்றும் அம்மி விற்கிற கல்தச்சர்களிடம் கேட்டால் செய்து கொடுப்பார்கள். கொத்துகிறபோது வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள், அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு. கல்லைக் காட்டுகிற வீடியோ நிறைய இருக்கிறது, கொத்துகிறவரின் கையைக் காட்டுவது அரிது.

கொத்திய கல்லை உடனே சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தவிட்டையோ பழைய அரிசியையோ இரண்டு மூன்று முறை போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, கையால் தடவினால் நெருநெருப்பு இல்லை என்ற பிறகுதான். இதைத்தான் கல்லைப் பழக்குவது என்பார்கள்.

ஊர் எல்லையில் ஒரு பெரிய கல்செக்கு கிடக்கிறது, ஏதோ எழுத்து இருக்கிற மாதிரி தெரிகிறது. யாரிடம் சொல்வது?

மிக நல்ல கேள்வி, ஏனென்றால் இப்படிக் கவனித்தவர்களால்தான் பல செக்குக் கல்வெட்டுகள் வெளியே வந்திருக்கின்றன. மரச்செக்கு வருவதற்கு முன்பும், வந்த பிறகும் பாறையிலும் தனிக் கல்லிலும் குடைந்த செக்குகள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தன. பலவற்றில் இன்னார் இந்தச் செக்கைச் செய்து வைத்தார் என்று நான்கைந்து சொற்களில் வெட்டியிருப்பார்கள். ஊர்ப் பொதுவுக்கோ கோயில் விளக்கு எண்ணெய்க்கோ செய்து வைத்த தருமம் அது. குளம் வெட்டுவது, சத்திரம் கட்டுவது போல ஒரு செக்கு அடித்து வைப்பதும் புண்ணியமாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கல்லைத் தொடும்போதே ஒரு மரியாதை வந்துவிடும். சோழர் கால ஆவணங்களில் செக்கிறை என்று செக்குக்குத் தனி வரியே உண்டு. கோயில்களுக்கு எண்ணெய் கொடுக்கும் பொறுப்பில் சங்கரப்பாடியார் என்ற எண்ணெய் வணிகர் கூட்டம் வருகிறது. காரைக்குடியில் செக்காலை, பல ஊர்களில் செக்கடித் தெரு என்று இடப்பெயராகவும் நிற்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள், ஆணியால் கீறிச் சுத்தம் செய்யாதீர்கள். காலை ஏழு மணி வெயிலோ மாலை வெயிலோ பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாத எழுத்து அப்போது நிழலோடு எழுந்து நிற்கும். இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, கல் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் மாநிலத் தொல்லியல் துறையிடமும் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். நூறு ஆண்டு தாண்டிய கல்வெட்டு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை நம் இஷ்டத்துக்கு நகர்த்தவோ விற்கவோ முடியாது. கல்லை அங்கேயே விடுவது நல்லது, ஏனென்றால் அது எந்தத் தெருவில், எந்தக் கோயிலுக்கு எதிரில் கிடக்கிறது என்பதிலும் பாதிக் கதை இருக்கிறது. சாலை அகலப்படுத்தும் வேலை வருகிற இடமாக இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

"செக்குன்னும் தெரியாது சிவலிங்கம்னும் தெரியாது" என்று ஒரு பழமொழி சொல்வோமே, பாதி புதைந்த கல்செக்கைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும்.

வ.உ.சி. இழுத்த செக்கு இப்போது எங்கே இருக்கிறது?

சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில். 1908-இல் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டிய செக்கு அது. 1912 கடைசியில்தான் விடுதலையானார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அது எப்படி வேலை செய்யும் என்றும் சொல்லுங்கள். உரலுக்குள் உலக்கை சாய்ந்து நிற்கும், அதன் தலையோடு இணைத்த கட்டையின் மேல் பாரம் ஏற்றியிருக்கும், அந்தப் பாரத்தோடு மொத்தத்தையும் வட்டமாக இழுக்க வேண்டும். எள் மசிந்து இறுக இறுக இழுவை கூடிக்கொண்டே போகும். முதல் சுற்றின் கனம் வேறு, எண்ணெய் விடுகிற நேரத்துச் சுற்றின் கனம் வேறு. இது தெரிந்தால்தான் ஒரு மனிதனைக் கொண்டு அதை இழுக்க வைப்பது எவ்வளவு கொடுமை என்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

இப்போது தெருவுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறதே, மரபு பிழைத்துவிட்டது என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். வாகை மரத்தில் செக்கு கடைகிற தச்சர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது, எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டுகிற வழக்கம் திரும்பி வந்திருக்கிறது, பிண்ணாக்கு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. மோட்டாரில் ஓடுகிறது என்பதற்காக அதை ஒதுக்க மாட்டேன், மாட்டைக் கண்ணைக் கட்டி நாள் முழுக்கச் சுற்றவிட வேண்டும் என்று ஆசைப்படவும் மாட்டேன்.

ஆனால் விட்டுப்போன பாதி முக்கியமானது. நான் பார்த்த ஒரு முதிய செக்காட்டி, வாணியர் குடும்பத்துக்காரர், எள் ஆட்டும்போது உரலைப் பார்க்கவே மாட்டார். காதைக் கொடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். உலக்கையின் கிறீச்சென்ற சத்தம் ஒரு இடத்தில் மழுங்கி அடங்கும், அப்போது எழுந்து வந்து கையால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். சில சுற்றில் எள் பிண்ணாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, எண்ணெய் தனியாக மினுங்கும். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். "எள்ளு கேக்குற அளவு" என்றார். புது எள்ளா, பழைய எள்ளா, மழைக்காலமா, வெயிலா என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறும். இன்றைய கடையில் மெஷின் இருக்கிறது, இந்தக் காது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பெரியவர்கள் இருக்கும்போதே கடைக்காரப் பிள்ளைகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் இரண்டு பாதியும் சேர்ந்துவிடும்.

கைக்குத்தல் அரிசி ஏன் வீடுகளிலிருந்து மறைந்தது?

ஹல்லர் மில் வந்ததுதான் நேரடிக் காரணம். எஞ்சினில் ஓடும் இரும்பு உருளை, வீட்டில் நாள் முழுக்கக் குத்துகிற நெல்லைச் சிறிது நேரத்தில் அரிசியாக்கிக் கொடுத்தது, கூலியும் குறைவு, அரிசியும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருந்தது. 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் செயலிழந்துபோவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். மனிதர்களுக்கு இதே போலக் கால் தளர்ந்துபோகிற பெரிபெரி நோயின் முடிச்சு அங்கேதான் அவிழ ஆரம்பித்தது, அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் பக்கத்தில் குன்னூரில் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடத்திய ஆய்வுகளும் தீட்டிய அரிசியில் போகிற சத்தைப் பற்றித் தெளிவாகப் பேசின. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும் என்பதால். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது.

1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கருப்பட்டி என்று அவர் பேசியதெல்லாம் வெறும் உடல்நலப் பேச்சு அல்ல. மில் வந்தால் ஊரில் நெல் குத்தி வாழ்கிற பெண்களின் கூலி எங்கே போகும் என்ற கணக்கு அதில் இருந்தது. சங்கம் இயங்கிய வார்தாவில் செக்கையும் திருகையையும் திருத்தி, இழுவை குறைவாகச் செய்து பார்த்தார்கள். அதாவது பழையதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, நல்லதாக்கச் சொன்னார்கள். 1958-இல் அரிசி மில்களைக் கட்டுப்படுத்த ஒரு மத்தியச் சட்டமும் வந்தது. ஆனாலும் மில்தான் வென்றது.

பெண்களின் முதுகை ஒடித்த வேலை இது. இதை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கேட்பதும் நியாயம். என் அம்மாவே கேட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உரலடியில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருந்திருக்காது. பண்ணை வீடுகளில் மூட்டை மூட்டையாகக் குத்திவிட்டுக் குருணையையும் தவிட்டையும் கூலியாக மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்; உள்ளே சமையல்கட்டுக்கு அவர்களை விடாத வீடுகளும் இருந்தன. மரபு என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் அது பொய்க் கதை.

அதனால்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறேன், திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அல்ல. ஒரு பாட்டி தன் உள்ளங்கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தோல் தடித்து மஞ்சளாக இருந்தது, உலக்கையை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும். அவருடைய உலக்கையும் வீட்டில் இருந்தது. கருங்காலி, இரண்டு முனையிலும் பூண், நடுவில் கை பிடித்துப் பிடித்து இடை மாதிரி ஒடுங்கியிருந்தது. மரத்தில் தேய்மானம், கையில் காய்ப்பு. அருங்காட்சியகத்தில் அந்த உலக்கை மட்டும் போய் நின்றால் அதில் பாதிதான் இருக்கும்.

உரல் பாட்டு உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது, மிகப் பழைய காலத்திலிருந்தே. உலக்கைப் பாட்டுக்கு வள்ளை என்று பெயர். சங்கப் பாடல்களில் வருகிறது, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் முத்தைக் குற்றிப் பாடுகிறார்கள், மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் முழுக்கவே இடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு. இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றிப் போடும்போது தாளம் பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும், கையில் படும். பாட்டு அந்தத் தாளத்தைக் காத்தது. நாம் பதிவு செய்யப் போகும்போது பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொல்கிறோம், அவருக்கு இரண்டாவது வரியிலேயே மறந்துவிடுகிறது. உலக்கையைக் கையில் கொடுத்து, உரலில் ஒரு பிடி நெல் போட்டுப் பாருங்கள். பலருக்கு வரி தானாக வந்திருக்கிறது. நடுவில் "ஸ்ஸ்" என்று விடுகிற மூச்சையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரை மரபில் சேர்ப்பீர்களா?

கண்டிப்பாக. 1955 வாக்கில் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்த மெஷினில் உள்ளே இருப்பது ஆட்டுக்கல்தான். ஒரு வித்தியாசம், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், உரல் நிற்கும்; கிரைண்டரில் உரல் சுற்றும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கல்லை விடாமல் கையை மட்டும் விடுவித்த கருவி என்று நான் அதை மதிக்கிறேன். பழைய, சாய்க்க முடியாத பெரிய கிரைண்டர் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுவும் இன்று கிடைப்பதற்கரிய பொருள்.

மூடிக் கிடக்கும் பழைய ரைஸ்மில் பற்றி?

அதை யாருமே கவனிப்பதில்லை. அவிக்கிற தொட்டி, நெல் காய்கிற களம், செங்கல் புகைபோக்கி, பெல்ட் ஓடிய நீளமான தண்டு எல்லாம் ஒரு முழுத் தலைமுறையின் கதை. இடிப்பதற்கு முன் ஒரு நாள் உள்ளே போய்ப் படம் எடுங்கள். முக்கியமாக ரசீதுப் புத்தகங்களையும் பேரேட்டையும் கேளுங்கள்: யார் எந்த நெல்லை எந்த மாதத்தில் கொண்டுவந்தார்கள் என்பது அதில் இருக்கும், அந்த நெல் ரகங்கள் பல இன்று வயலில் இல்லை.

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

நெதர்லாந்தைச் சொல்லலாம். கிண்டர்டைக் என்ற இடத்தில் நீர் இறைக்கக் கட்டிய 19 காற்றாலைகள் 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகின. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது 2017-இல் நடந்தது. காற்றாலை, நீராலைகளை ஓட்டுகிறவரின் கைத்தொழிலையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கட்டடம் வேறு, ஓட்டத் தெரிந்த ஆள் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே 1972 முதல் தன்னார்வ ஆலையோட்டிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வேறு வேலை பார்க்கிறவர்கள் வார இறுதியில் வந்து காற்றையும், இறக்கையில் கட்டுகிற பாயையும், கல்லையும் படித்து, பரீட்சை எழுதி, அப்புறம்தான் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் ஒரு செக்குக்கு இப்படி நான்கு பேர் சேர்ந்தால் போதும்.

பெரியவர்களிடம் என்ன கேட்பது? போனால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். துவரைக்கு எந்த மண் பூசுவீர்கள், எத்தனை நாள் காய வைப்பீர்கள் என்று கேளுங்கள். செம்மண் கரைத்துப் பூசி வெயிலில் காயவைத்துத் திருகையில் உடைக்கிற வேலையைச் செய்தவர், அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார். உரல் தரையில் பதித்ததா, சிதறுகிற நெல்லைக் கையால் தள்ளுவீர்களா காலாலா, யார் வீட்டு உரலுக்கு யாரெல்லாம் வரலாம், யார் வரக்கூடாது, தீட்டு நாளில் என்ன செய்வீர்கள், பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் உலக்கையை எங்கே போடுவீர்கள், முதல் முதலில் மில்லுக்குக் கொண்டுபோன அன்று வீட்டில் என்ன சொன்னார்கள். இப்படிச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வெறும் உரலை இடிக்கக் கூடாது, வெறும் திருகையைச் சுற்றக் கூடாது என்று ஏன் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். வீட்டுக்கு ஆகாது என்பார்கள். உள்ளே தானியம் இல்லாவிட்டால் கல்லும் கல்லும் உரசிப் பொளி அழியும் என்ற தொழில் காரணமும் அதற்குள்ளே இருக்கிறது.

பேர் போடலாமா, குரலை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்று முதலிலேயே அனுமதி கேட்டு வாங்குங்கள். பதிவை ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள், எனக்கு ஒரு போன் கெட்டு மூன்று பேருடைய குரல் போயே போய்விட்டது, அதில் ஒருவர் இப்போது இல்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெற்றுக்கொண்டோம் என்று எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு, மேலே சொன்ன தாளையும் சேர்த்து. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் போல வீட்டுக்குள்ளேயே, அது இருந்த இடத்திலேயே வைத்துக் காட்டுகிற இடமாக இருந்தால் நல்லது. வீட்டில் பயன்படுத்த யாராவது இருந்தால் கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் திருகையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். என்ன போடலாம்?

வறுத்த பாசிப்பயறு. அரிசி மாவு முதல் முறைக்குக் கஷ்டம், கேழ்வரகு இன்னும் கஷ்டம். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்து, கல்லைத் துடைத்து, முளை ஆடாமல் இருக்கிறதா பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு சின்னப் பிடி மட்டும் போடச் சொல்லுங்கள். நிறையப் போட்டால் மேல்கல் தூக்கிக்கொண்டு முழுப் பயறாகவே வெளியே விழும், பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் முதலில் செய்வார்கள். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துக் கைப்பிடியைச் சேர்ந்து பிடிக்கச் சொல்லலாம், ஒருவர் இழுத்தால் மற்றவர் தள்ள வேண்டும் என்பது இரண்டு சுற்றிலேயே பிடிபட்டுவிடும். விரலைக் கல்லுக்கு நடுவில் விடாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் விழுவதைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், கல் தூசி இருக்கும். அடுத்ததை முறத்தில் புடைத்துத் தோலை ஊதிவிட்டு அன்றைக்கே பருப்பு வைத்துச் சாப்பிடலாம்.